கேமராவுக்குச் சொன்ன பொய்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எண்ணூரில் கம்பெனிகள் மூடியதிலிருந்து எங்கள் தெருவே அரசின் இலவசச் சாப்பாட்டுக் கூடத்தை நம்பித்தான் இருக்கிறது. அங்கே நான் சமைக்கிறேன். இன்று மதியம், அந்தத் திட்டத்தை எதிர்க்கும் கட்சியின் வட்டச் செயலாளர் கேமராவோடு வந்தார். வரிசையில் நின்றவர்களைப் படம் பிடித்துக்கொண்டே, "ஓசில துன்னு துன்னு சோம்பேறி ஆய்ட்டானுங்க" என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பாதி சோறு குப்பைக்குத்தான் போவுதுன்னு சொல்லும்மா. உன் புள்ள காட்டுப்பள்ளி துறைமுகத்துல காண்ட்ராக்ட்லதானே கீறான்? அத்த நெனச்சிக்கோ."

அங்கே காண்ட்ராக்டர் அவருடைய ஆள்; எங்கள் வீட்டில் வேலைக்குப் போவது அவன் ஒருவன்தான். சொல்லிவிட்டேன். உண்மையில் ஒரு பருக்கைகூட மிஞ்சுவதில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு மேரி வந்தாள். அதற்குள் எல்லார் போனிலும் பரவியிருந்த அந்த வீடியோவை அவளும் பார்த்திருந்தாள். திட்டுவாள் என்று பயந்தேன்.

"நாளிக்கு ஒல வெப்பியாக்கா? பசங்க கேக்குதுங்கோ" என்றாள்.

"வெப்பேன் மேரி" என்றேன்.

சோறு வீணாவதாக நான் சொன்னதைப் பற்றிய விசாரணை முடியும்வரை கூடத்தைத் திறக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் அவள் வருவதற்கு முன்பே போனில் சொல்லியிருந்தார். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. காலையில் எல்லோரும் தட்டோடு வந்து நிற்பார்கள்.