அண்ணன் கட்டிய மேடை

மே 4
அண்ணன் மகள் பிரின்ஸிக்குக் கல்யாண வரவேற்பில் ரோபோ கேமரா வேண்டுமாம். அத்தை நான் வேலை பார்ப்பதே அதை வாடகைக்கு விடும் கம்பெனியில், அப்புறம் கேட்காமல் இருப்பாளா? இடத்தைப் பார்த்து, தரை தாங்கும் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. மன்னார்குடி மண்டபம். அதைக் கட்டியதும் அண்ணன் ஆல்பின்தான். மேடைக்கு அடியில் என்ன நிரப்பினாய் என்று போனில் கேட்டேன். கிராவல், நன்றாகத் திமிசு போட்டு இறுக்கியது என்றான். அப்படியே எழுதிக்கொண்டேன்.

மே 7
மேடையைச் சுத்தியலால் தட்டினேன். நடுவில் பொத்தென்று சத்தம். ஒரு கல்லைப் பெயர்க்க வேண்டும் என்றதும் மண்டபக்காரர் பக்கீர் முகம்மதுவின் முகம் சுருங்கிவிட்டது. "உங்க அண்ணன் வேலைம்மா இது. நீங்களே சந்தேகப்படலாமா?"
எனக்குச் சுள்ளென்று ஏறியது. மெஷின் ஒரு டன். அதன் இரும்புக் கை அரை நொடியில் பாய்ந்து முகத்துக்கு எதிரே நிற்கும். தரை இறங்கினால் அந்தக் கை பிள்ளையின் முகத்தில்தான் போய் இடிக்கும். சொன்னால் பயமுறுத்துகிறேனாம்! வயசுக்குக்கூட மரியாதை வைக்காமல் கத்திவிட்டு வந்தேன்.

மே 8
பெயர்க்க விட்டார்.
உமிச்சாம்பல். மேலே நாலு விரல் மணல், கீழே முழுக்க ரைஸ் மில் உமிச்சாம்பல். கையை விட்டால் முழங்கை வரை போகிறது. மில்லுக்கு மில் சாம்பல் மேடு இருக்கிற ஊர்தான், பள்ளம் கண்ட இடத்தில் கொட்டுவார்கள்தான். அதற்காக மேடைக்கு அடியிலா?
பாவம், பக்கீர் பாயைப் போய்த் திட்டினேனே.

மே 9
அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. "ஆளுங்க நிக்கத்தானே மேடை. ஒரு டன்னு வந்து ஏறும்னு நான் கனவா கண்டேன்?"
சரி, கட்டும்போது தெரியாது. போன வாரம் நான் கேட்டபோது? யார் நிற்கப்போகிறாள் என்று தெரிந்துதானே கிராவல் என்றாய்? பாய்கிட்ட மானம் போயிடும்னு பயந்தானாம். பெத்த பொண்ணை விட மானம் பெருசாடா உனக்கு என்று கேட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து அண்ணனை 'டா' போட்டதில்லை. வருத்தமும் இல்லை.
அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்ட நானும் ஒரு இன்ஜினியர். த்தூ.

மே 10
பாயிடம் அவனே போய்ச் சொல்லியிருக்கிறான்.

மே 13
சாம்பலை அள்ளி முடித்தார்கள். அண்ணனும் ஆட்களோடு மண்வெட்டி பிடித்தான், தலை முதல் கால் வரை கருப்பு. கிராவலை அடுக்கடுக்காகக் கொட்டித் திமிசு போட, ஒவ்வொரு அடுக்கையும் நானே கம்பியால் குத்திப் பார்த்தேன். அவன் வாய்ச்சொல் இனி எனக்கு வேண்டாம். நாளை கான்கிரீட்.
பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். விடும்மா, தோண்டியது நல்லதாகப் போயிற்று என்று டீ வரவழைத்தார்.

மே 29
ஒன்றரை டன் மணல் மூட்டை ஒரு நாள் முழுக்க மேடையில் இருந்தது. ரசமட்டக் குமிழி அசையவில்லை. மெஷினை ஏற்றிப் போல்ட் முறுக்கினோம். நாலு தடவை ஆளில்லாமல் ஓட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.
பிரின்ஸி நிற்க வேண்டிய இடத்தில் டேப் ஒட்டியிருந்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி அதில் நின்றான். "மொதல்ல நான் நிக்கிறேன். அப்புறம் அவ நிக்கட்டும்."
கை பாய்ந்து வந்து அவன் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவன் கண்ணை மூடவில்லை. திரையில் முகம் பெரிதாக வந்தது, வியர்த்து, சட்டைப் பட்டன் மாறிப்போய்.
எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.
"பட்டனைச் சரியாப் போடுண்ணே," என்றேன். "இன்னொரு தடவை எடுக்குறேன்."