கோபம் வந்தால் ஒரு வில்லை

மே 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. கொழும்பு டாக்டர் அனுப்பிய டப்பா வந்துவிட்டது. குளுக்கோஸ் வில்லைகள். சீனி போட்ட சுண்ணாம்புக்கட்டி மாதிரி ருசி. இன்சுலின் ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் ரத்தத்தில் சீனி இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும். உடனே இரண்டு மூன்றை மென்று தின்ன வேண்டுமாம். பசி வந்தால் எனக்கு எப்போதுமே கோபம்தான். இப்போது அதற்கும் மருந்து!

போன வருஷம் இதே நாளில் எலும்பும் தோலுமாகப் படுக்கையில். அடுத்த புதன் கல்யாணம். இரண்டும் நான்தான். நம்ப முடியவில்லை.

மே 5, வியாழன்

வெயில். லூர்து வந்தார். தெமோதரை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர், என் மாப்பிள்ளை. அம்மா அருகிலேயே உட்கார்ந்து காவல். கல்யாணத்துக்கும் ரயில்வே கோட்டுதான் போடுவாராம். வந்ததே எரிச்சல். குரலை உயர்த்தினேன். டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"சீனி எறங்கிருச்சு போல. ஒன்னு தின்னு, ஞானம்."

"இது நெசக் கோபங்க!"

"அப்ப ரெண்டு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் பக்கம் யாருமில்லை.

மே 8, ஞாயிறு

பதுளை மாதா கோயிலில் பூசை. சாமியாரிடம் கேட்டேன். பூசையில் சாமியார் நாவில் வைக்கும் அப்பத்தை, அதுதான் நன்மை, எடுப்பதானால் நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது, மணப்பெண்ணுக்கும் அதுவே சட்டம். ஊசியைப் பூசைக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாமா? தோட்டத்து டாக்டர், ஒரு நாள்தானே, போடலாம் என்றார். அப்பாடா.

லூர்துவின் அம்மா வெளியே சொன்னது: "கல்யாணப் பூசையில நன்மை எடுக்காத பொண்ண ஊரு சும்மா வுடாதும்மா. என்ன பாவம் பண்ணுனாளோன்னு பேசும்."

பயம்தான். அதைவிட ஆசை பெரிது. அவர் பக்கத்தில் மண்டியிட்டு எடுக்க வேண்டும்.

மே 10, செவ்வாய்

பதுளையில் அத்தை வீடு. பலகாரம் சுடுகிறார்கள். வாசனை மட்டும் எனக்கு. தலைமுக்காடு அழகாக இருக்கிறது. நானும்தான்.

மே 11, புதன்

நடந்ததை எழுதிவிடுகிறேன், இன்னும் சிரிப்பு வருகிறது.

விடியுமுன் ஒரே அமளி. அம்மா தினமும் செய்வதுபோல ஊசியைக் கொதிக்க வைத்தாள். நானும் தினமும் நீட்டுவதுபோல அரைத் தூக்கத்தில் கையை நீட்டினேன். மருந்தை ஏற்றி ஊசியை எடுத்த பிறகுதான் இருவரும் முழித்தோம். "ஐயோ மாதாவே!"

சாப்பிட்டால் நன்மை இல்லை. பூசை சின்னதுதான், தாங்குவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா டப்பாவைக் கொண்டுபோய் லூர்துவின் கோட்டுப் பையில் போட்டுவிட்டாள். பெரிய பை. ரயில்வே கோட்டை இனி குறை சொல்ல மாட்டேன்.

தாலி ஏறியது. பிரசங்கம்தான் முடியவே இல்லை, நீண்டுகொண்டே போனது. கழுத்தில் வியர்வை. பூச்செண்டு நடுங்கியது. சாமியார் மேல் அப்படி ஒரு கோபம்! லூர்து என் முகத்தைப் பார்த்தார். முக்காட்டுக்குள் கை வந்தது. மூன்று வில்லை. அழுதுகொண்டே மென்றேன். ஆசை போயிற்று.

நன்மை கொடுக்கும் நேரம். கோயில் முழுக்க எங்களையே பார்த்தது. நான் எழவில்லை. அவரும் எழவில்லை.

"நீங்க போங்க," என்றேன்.

"நானும் ஒன்னு தின்னுட்டேன்," என்றார். உதட்டில் வெள்ளைத் தூள்.

வாசலில் அவர் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டா ரெண்டு பேரும் எந்திரிக்கல?"

"பசி தாங்கலம்மா. மிட்டாய் தின்னேன். அவளுக்கும் நாந்தான் குடுத்தேன்."

"கல்யாணத்தன்னிக்கிகூடவா ஒனக்கு வயிறு பெரிசு!" கோயில் வாசலே கேட்டது. இனி ஊர் என் பாவத்தைப் பேசாது, இவர் வயிற்றைத்தான் பேசும்.

வண்டியில் எனக்கு மறுபடி கண்ணீர். டப்பாவை எடுத்தார்.

"கோபம் இல்லைங்க. சந்தோசம்."

"அதுக்கும் ஒன்னு," என்றார்.