உனக்கு நான் கொடுத்த வேலை

என் செல்லக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. தினமும் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று உனக்குத் திக்கென்று இருக்கும். பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேசினால் என் வாய் சும்மா இருக்காது, சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசி மழுப்பிவிடும். உனக்கு வேலை கிடைக்காமல் இருப்பதில் இப்போது என் கைங்கரியமும் சேர்ந்துவிட்டது கண்ணு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவர், லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே கூப்பிடுவார்கள், அதனால் எல்லா மாடியையும் படியேறியே ஏற வேண்டியிருக்கிறது, இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது. தம்பி கண்ணாடி முன்னால் நிற்கிற நேரத்தில் பாதி புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தால் தேறிவிடுவான். மாடி வீட்டு அக்கா நேற்றுகூட உன்னை விசாரித்தாள், பொண்ணுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியோ, ஊருப் பக்கமே காணோமே என்றாள். அவள் மேல் தப்பில்லை, நான் சொன்னதைத்தான் அவள் நம்பினாள்.

ஆமாம், உனக்கு வேலை கிடைத்துவிட்டதாக நான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். ஆரம்பம் எங்கள் பல் ஆஸ்பத்திரியில்தான். நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும், எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் படுத்திருப்பவர்களுக்குப் பயம் தெரியாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். டாக்டர் தம்பிகூட என் பேச்சு பாதி மயக்க ஊசிக்குச் சமம் என்று எல்லோரிடமும் சொல்லும். வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறவர்கள் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள் இல்லையா, அந்தத் தைரியம் எனக்கு. ஒரு நாள் யாரோ ஒருவர் ஊசி போடுவதற்கு முன்னால் உங்க பொண்ணு என்ன பண்ணுது என்று கேட்டார், தேடிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை, சேர்ந்துவிட்டாள் என்றேன். அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு நாற்காலிப் பேச்சிலும் அது வளர்ந்தது. ஜன்னல் ஓரத்தில் உனக்கு ஒரு மேஜை போட்டேன். சுழல் நாற்காலிக்கு நீல நிறம் கொடுத்தேன். மேலதிகாரி உன்னைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்றேன். போன மாதம் என் வாயாலேயே உனக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரியில் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற வழக்கமில்லை, பல்லைச் சொல்லித்தான். அப்படிக் கடைவாய்ப்பல் அம்மா என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். நீ இருக்கிற நகரத்தில்தான் அவருக்கு வேலை, மருந்துகளை மொத்தமாக வாங்கி விற்கிற பெரிய கிடங்கு ஒன்றுக்குப் பொறுப்பு, வாரக் கடைசியில் இங்கே தன் வீட்டுக்கு வந்துபோவார். வேர்ச் சிகிச்சைக்காகப் பல தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் உன் புராணத்தைப் பாடினேன். சிகிச்சை முடிந்த அன்றைக்கு வாய் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு, பாதி மரத்த வாயோடு என்னிடம் சொன்னார், "ஒங்க பொண்ணு மாதிரி ஒருத்தியத்தாம்மா நாங்க தேடிக்கிட்டு இருக்கோம். நல்லவேள, அவளுக்குக் கெடச்சிடுச்சு." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா நான் சொன்னதெல்லாம் பொய், அவளும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். ஆமாம்மா, நல்லவேளை என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றேன். அப்புறம் கருவிகளைக் கழுவுகிற தொட்டியடியில் போய் நின்று அழுதேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லி என்ன பயன். நீ அலுத்துப்போய், கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து இருந்துவிட்டுப் போகிறேன் அம்மா என்று கேட்டாயே, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், சாமானெல்லாம் வாசலில் கிடக்கிறது, இப்போது வராதே என்றேனே. ஒரு சுவரையும் யாரும் தொடவில்லை. நீ வந்து நாள்கணக்கில் இருந்தால் மாடி வீட்டு அக்காவுக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன். பெற்ற பெண் களைத்துப்போய் வருகிறேன் என்கிறாள், நான் என் பொய்க்குக் காவல் இருந்திருக்கிறேன். சரிம்மா, வேலை முடிஞ்சதும் சொல்லுங்க என்று நீ போனை வைத்தது காதிலேயே இருக்கிறது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் போகிற கட்டடத்திலெல்லாம் என் பெண் வேலை தேடுகிறாள், ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர், உனக்கு அது தெரியாது. நம் மானத்தை மாடி மாடியாக ஏற்றி இறக்காதீர்கள் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இந்த வாரம் கடைவாய்ப்பல் அம்மா பல்லுக்கு மூடி போட அளவு கொடுக்க வந்தார். ஒரு தட்டில் பசை மாதிரி ஒன்றை நிரப்பிப் பல்லில் அழுத்திப் பிடிப்போம், அது இறுகுகிறவரை அசையவும் கூடாது, பேசவும் கூடாது. டாக்டர் தம்பி அடுத்த அறைக்குப் போயிருந்தது, தட்டைப் பிடித்திருந்தது நான். அப்போது சொன்னேன். மேஜையும் இல்லை, நீல நாற்காலியும் இல்லை, என் பெண் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள், வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவரால் பதில் பேச முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னதும் கோழைத்தனம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பசை இறுகுகிறவரை அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை, என் விரல் அவர் வாயில், எங்கேயும் ஓட முடியாது.

தட்டை எடுத்ததும் அந்த வேலைக்குப் போன வாரமே ஆள் எடுத்தாகிவிட்டது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். வேலை தேடுறது என்ன திருட்டாம்மா, இப்படி ஒளிச்சு வைக்கிறீங்களே என்றார். பிறகு அவராகவே, "சரி, பொண்ணுக்கு என்ன வேலை தெரியும்? எதுல கெட்டி? சொல்லுங்க, தெரிஞ்ச எடத்துல கேட்டுப் பாக்குறேன்" என்றார். நான் உன் பட்டத்தின் பெயரைச் சொன்னேன். அது படிப்பும்மா, நான் கேட்டது அது இல்ல, அவளால என்ன செய்ய முடியும், எந்த மாதிரி வேலைக்கு மனு போட்டிருக்கா என்றார். நீ உட்காராத நாற்காலியின் நிறத்தை ஊரெல்லாம் சொன்னவளுக்கு, நீ கணினியில் என்ன செய்வாய், எதில் கெட்டிக்காரி, எது உனக்குப் பிடிக்கும், இதுவரை எங்கெங்கே போய் எந்தக் கேள்வியில் திரும்பி வந்தாய், ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் கிடைத்ததா கிடைத்ததா என்றுதான் உன்னிடம் கேட்டிருக்கிறேன். பொண்ணையே கேட்டுச் சொல்லுங்க, மூடி போட வரும்போது கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தலையை ஆட்டினேன், நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை, இருந்தாலும் அம்மா வாய் சும்மா இருக்குமா. நீ வேலை தேடுவதை யாரிடமும் மறைக்காதே. கூடப் படித்தவர்கள், நீ தங்கியிருக்கிற வீட்டுக்காரர், எதிரே வருகிறவர், எல்லோரிடமும் சொல்லிவை, எந்தக் கதவு யாரால் திறக்கும் என்று நமக்குத் தெரியாது, நான்தான் ஒரு கதவைச் சாத்தினேனே. வேண்டாம் என்று அனுப்புகிற இடத்தில் எது போதவில்லை என்று கேட்டுவிட்டு வா, கேட்பதில் அவமானமில்லை. நாள் முழுக்க அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதே, காலையில் சாப்பிடாமல் கிளம்பாதே. மாடி வீட்டு அக்காவிடம் இன்று காலை உண்மையைச் சொல்லிவிட்டேன், அவள் தம்பிக்கும் இன்னும் வேலை ஒன்றும் அமையவில்லையாம், என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தாளாம். அப்பாவும் மறுபடி எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. வரமுடியாவிட்டால் எழுது. உனக்கு என்னென்ன தெரியும், என்ன செய்யப் பிடிக்கும், எல்லாவற்றையும் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி விவரமாக எழுது. என் மேல் கோபமிருந்தால் முதலில் அதை எழுது, அது நியாயம்தான். நீ நன்றாக இருப்பாய், உன் உழைப்புக்கு ஒரு இடம் கட்டாயம் அமையும், என் மனசார ஆசீர்வாதம். மறந்துவிடாதே, அந்த அம்மா மூடி போட வருவதற்குள் உன் பதில் எனக்கு வேண்டும். அவர் வராவிட்டாலும் வேண்டும்.

இப்படிக்கு,
ஊரெல்லாம் உன்னைப் பற்றிப் பேசிவிட்டு, உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்காத
உன் அம்மா