கிருஷ்ணராஜ் போட்ட வட்டம்

03.08.2024

படகில் பேத்தியோடு வருகிற திலக்ஷன் மோட்டார் சைக்கிளில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். பாய்ப்படகுப் போட்டி நெருங்கும்போதுதான் இவனுக்கு விழ வேண்டுமா? விக்டோரியா குளத்தில் ஓட நம்ம படகுக்கு மூன்று பேர் வேண்டும். பேத்தி பிரேமிளா சுக்கான் பிடிப்பாள். அவள் சிநேகிதி, திகன ஊர்ப் பிள்ளை இன்ஷிரா, பாய் இழுப்பாள். மூன்றாவது ஆள் இல்லை.

"விடுங்க அம்மாச்சி, அடுத்த வருஷம் பாப்போம்" என்றாள் பிரேமிளா.

அடுத்த வருஷமா? இந்த வருஷமும் அந்தக் கிருஷ்ணராஜ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகவா?

"நான் வர்றேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரு பக்கம் பாரம் வேண்டும், அவ்வளவுதானே. பாரம் என்னிடம் நிறைய இருக்கிறது.

06.08.2024

முழங்கால் வலி. போவேன்.

11.08.2024

கண்டிப் பெரஹரா ஊர்வலக் கூட்டத்தில், படகுப் பயிற்சிக்கு அம்பிட்டியவிலிருந்து திகனவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

படகுத்துறையில் கிருஷ்ணராஜ் நின்றான். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தம்பி. இன்னும் நேராகத்தான் நடக்கிறான், பாவி.

"அண்ணி, பாத்து. தண்ணி ஆழம்."

நான் இன்ஷிராவிடம் சொன்னேன்: "அந்தாளுகிட்ட சொல்லு, ஆழம் எனக்குத் தெரியும்னு."

அவனும் இன்ஷிராவைப் பார்த்தே சொன்னான்: "நாக்குக்கு மட்டும் வயசே ஆகல போலன்னு நீங்க சொல்லுங்க மகள்."

பாவம் அந்தப் பிள்ளை, யாருக்கு என்ன சொல்வாள். பதினெட்டு வருஷமாக எங்களுக்குள் இப்படித்தான், ஆள் வைத்துத்தான் பேச்சு.

18.08.2024

எதையும் மறக்கிற ஆள் இல்லை நான். மறக்கவும் விரும்பவில்லை. எழுதி வைக்கிறேன்.

2006. இதே குளம், இதே படகு. அணை கட்ட வந்த வெள்ளைக்காரன் விட்டுப்போன நீலப் படகு. போட்டியில் சுற்றி வரவேண்டிய மிதவையில் படகோ கையோ பட்டால், பட்டவனே ஒரு முழு வட்டம் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பார்க்க நடுவர் இல்லை. பட்டும் போடாமல் போனால், கண்டவன் சிவப்புக் கொடி தூக்கலாம். என் வீட்டுக்காரர் முதலாவதாக வந்தார். கிருஷ்ணராஜ் சொந்த அண்ணனுக்கே சிவப்புக் கொடி தூக்கினான். கைபட்டதாம், வட்டம் போடவில்லையாம். கோப்பையைப் பறித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். "படலடி. அவன் பொறாமையில சொல்றான்." தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரேஞ்சுக் கறை. எங்கே போய் உரசினாரோ. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதோடு குளத்துப் பக்கமே போகவில்லை. ஒன்பது வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டுக்குக் கிருஷ்ணராஜ் மாலையோடு வந்தான். வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். வைத்துவிட்டுப் போனான்.

24.08.2024

நாளை போட்டி. பழைய சிவப்புச் சேலையில் கிழித்து ஒரு கொடி தைத்தேன். அவன் ஒரு சின்னத் தப்புச் செய்தாலும் போதும்.

காலையில் செம்பருத்தி பறித்து அவர் படத்துக்கு வைத்துச் சொல்லிவிட்டேன்: உங்களுக்காகத்தான் போறேன்.

25.08.2024

தூங்குமுன் எழுதிவிட வேண்டும்.

காலையில் படகுக் கிளப்பைப் பார்த்துக்கொள்கிற பளீல் கரையில் நின்று கத்தினார்: "மிதவைக்கு நேத்துத்தான் பெயின்ட் அடிச்சேன்! காயல்ல! ஒட்டிக்கிட்டா என்னைய ஏசக்கூடாது!" ஒவ்வொரு போட்டிக்கும் முதல் நாள்தான் இந்த மனிதர் பெயின்ட் அடிப்பார். அந்தக் காலத்திலிருந்தே இதே பழக்கம்.

நம்ம படகு சின்னது, மெதுவானது. அதனால் கிளப்பில் நேரச் சலுகை உண்டு. யார் முதலில் வந்தது என்பது கணக்கில்லை. சலுகையைக் கழித்த பிறகுதான் யார் வென்றது என்று தெரியும். கிருஷ்ணராஜின் படகு பெரியது, வெள்ளை. அவனுக்குச் சலுகை கிடையாது.

கச்சான் காற்று சும்மா பிய்த்துக்கொண்டு அடித்தது. "மாறுங்க அம்மாச்சி!" என்றால் குனிந்து மறுபக்கம் நகர வேண்டும். லைஃப் ஜக்கட்டுக்குள் மூச்சே விட முடியவில்லை. ஒரு தரம் இன்ஷிராவின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். "பரவால்ல, இங்கயே இருங்க" என்கிறாள், குறும்புக்காரி.

இரண்டாவது மிதவை. அவன் முன்னால், நாங்கள் ஒட்டினாற்போல் பின்னால். பிள்ளைகள் இரண்டு பேரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது அவன் படகின் வால் மிதவையில் உரசியது. மெல்ல, பூனை உரசுகிற மாதிரி. வெள்ளையில் ஒரு ஒரேஞ்சுக் கீற்று.

அகப்பட்டான். கொடியை இடுப்பிலிருந்து பாதி உருவிவிட்டேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய், பாய் படபடவென்று அடிக்க, ஒரு முழு வட்டம் போட்டான். யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. நாங்கள் அவனைக் கடந்து போனோம்.

பிறகு எங்களைப் பிடித்து, முந்தி, முதலாவதாகத்தான் வந்தான். சலுகையைக் கழித்துப் பார்த்தால் நாங்கள் வென்றிருக்கிறோம், மயிரிழையில். அந்த வட்டம் போடாவிட்டால் கோப்பை அவனுக்குத்தான்.

கரையில் கிட்டே வந்தான். "மிதவைல பட்டுட்டேன் அண்ணி."

"பாத்தேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன், இன்ஷிரா பக்கத்தில் இல்லை. அவனிடமே பேசியிருக்கிறேன். என் வாயை என்ன செய்வது!

வரும்போது அவன் படகின் வாலை இன்னொரு தரம் பார்த்தேன். அந்த நிறத்தை எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் போட்டு மூன்று தரம் தேய்த்தவளல்லவா நான்.

26.08.2024

அன்றைக்கு அவர் கை பட்டிருக்கிறது. வட்டம் போடவில்லை. வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, "படலடி."

ஏன் என்னிடம்? நான் என்ன கோப்பையா கேட்டேன்? அந்த மாலையை வாசலில் வைக்கச் சொன்னேனே... நானா சொன்னேன்? நீங்க சொல்ல வச்சீங்க.

கிருஷ்ணராஜையும் விடமாட்டேன். இவ்வளவு நல்லவனாக இருந்தவன் பதினெட்டு வருஷம் என்னிடம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான்? கதவை உடைத்துக்கொண்டு வந்து சொல்லியிருக்க வேண்டாமா?

29.08.2024

கோப்பையை அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

"தாத்தா படத்துக்கிட்ட வைக்கலியா அம்மாச்சி?"

"வேணாம்."

"ஏன், இன்னைக்குப் பூவும் வைக்கல?"

"செடி பூக்கல."

வாசல் செம்பருத்தி, கொப்பு தாழ, பூத்துக் கிடக்கிறது.