துணி கட்டிய வசம்பு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

குருவி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறீர்கள். போன வாரம் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டெய்லர் வந்து என்ன சண்டை என்று கேட்டுவிட்டுப் போனார். அதனால்தான் கடிதம். பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் தம்பி போனதோடு ஓடைக்கரை பர்மிட்டும் போய்விட்டதாம். வசம்பு தோண்டும் உரிமை அவர் பெயரில்தான் இருந்தது. என் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் பாரஸ்ட் ஆபீஸ்காரர்கள் நடத்தும் பயிற்சிக்கு நான் போக வேண்டும். தோண்டி முடித்ததும் அங்கே சொல்லிக்கொடுக்கிற டீச்சர் வந்து கரையைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தச் சேற்றில் அவர் கூடவே நின்றவள் நான். எனக்கு வசம்பு படம் வரைந்து காட்டுகிறார்கள்.

வகுப்பில் எல்லாரும் நம் வயசுக்காரர்கள்தான், பெஞ்சுதான் சின்னப் பிள்ளைகள் பெஞ்சு. முழங்கால் தாடையில் இடிக்கிறது. பக்கத்தில் தேன் எடுக்கிற மீசைக்காரர். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினால் தூங்கிவிடுகிறார். டீச்சர் நல்ல பெண்தான். ஆனால் எதைச் சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்கிறாள். "ஏன்னு தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வந்து உக்காரப் போறேன்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு மறுபடி ஏன் என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குருவி

பிப்ரவரி 11

குருவிக்கு அண்ணி எழுதிக்கொண்டது.

எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. நீதான் வாய்க்குள்ளேயே பேசுகிறாய்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதிலைக் காணோம், பெஞ்சைப் பற்றி மட்டும் விலாவாரியாக எழுதியிருக்கிறாய். என் தம்பி போய் ஈரம் காயவில்லை, அதற்குள் உனக்குப் பள்ளிக்கூடம். சரி, பர்மிட் வேண்டும் என்றால் போய்த்தான் ஆக வேண்டும். கரையை மட்டும் கை நழுவ விட்டுவிடாதே. உனக்கு அங்கே வேறு என்ன இருக்கிறது?

இலை மஞ்சளானதும் நான் வருகிறேன். ஒற்றை ஆளாக உன்னால் தோண்ட முடியாது. உனக்கு முன்னால் அந்த ஓடையில் இறங்கியவள் நான். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே வருவான், வழுக்கினால் என்னையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடுவான். ஒரு தரம் அங்கே போய் நிற்க வேண்டும் போல இருக்கிறது. மருமகளிடம் சொன்னால் இந்த வயசில் சேறு எதற்கு என்கிறாள்.

உன்
அண்ணி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

சாப்பிடுகிறேன். போதுமா?

தாராளமாக வாருங்கள். ஆனால் அடுத்த வாரக் கடைசியில் நான் இருக்க மாட்டேன். உலர்த்துவதைக் காட்ட டவுனுக்குக் கூட்டிப் போகிறார்கள். வசம்பைக் கொதிக்கிற வெயிலில் போட்டால் வாசனை போய்விடுமாம், காற்றோட்டமான நிழலில்தான் காய வேண்டுமாம். மீசைக்காரருக்கு வீட்டில் காய வைத்துக்கொண்டு வரச் சொல்லிக் கொஞ்சம் கொடுத்தார்கள். அடுப்புமேல் வைத்துக் கரியாக்கிக் கொண்டுவந்தார். "காயணும்னுதானே சொன்னீங்க? காஞ்சிருச்சு" என்கிறார். இப்படிப்பட்டவர்களோடு காலம் தள்ளுகிறேன்.

நீங்கள் முன்னாலேயே வந்துவிட்டால் சாவி டெய்லரிடம் இருக்கும். கரையில் நல்ல தூராகப் பார்த்துத் துணி கட்டி முடித்துவிட்டேன். நீங்கள் பார்த்தாலே புரிந்துகொள்வீர்கள். டீச்சர் கலர் கயிறு வாங்கச் சொன்னாள். நான் உங்கள் தம்பியின் நீலச் சட்டையைக் கிழித்தேன். கிழிக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. பட்டனை அறுத்து எடுக்கும்போதுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்படிக்கு,
குருவி

மார்ச் 1

என் குருவிக்கு,

வந்தேன், இரண்டு நாள் இருந்தேன், போகிறேன். நீ வரும்வரை இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். மருமகளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். இதை அடுப்படியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

கரைக்குப் போய் அந்த நீலத் துணிகளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் அப்பாவும் இப்படித்தான். முற்றின தூராகப் பார்த்துத் துணியைக் கட்டிக்கொண்டே முன்னால் போவார், நானும் தம்பியும் பின்னாலேயே தோண்டிக்கொண்டு வருவோம். கட்டாததைத் தொட்டால் அடி விழும். தம்பி இதையெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கிறான், நீயும் எனக்காக அவன் சட்டையையே கிழித்துக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

கட்டினது அத்தனையும் தோண்டிவிட்டேன், ஒன்றைக்கூட விடவில்லை. உனக்கு மிச்சம் வைப்பேனா? கழுவி, துண்டு போட்டு, உன் டீச்சர் சொன்னபடி பின்கட்டில் நிழலிலேயே பரப்பியிருக்கிறேன். காய்ந்ததும் சாக்கில் போட்டுத் தேய், சிறு வேரெல்லாம் உதிர்ந்துவிடும். முதுகு என்னுடையதாகவே இல்லை. ஆனால் அவன் போன பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

உன்
அண்ணி

மார்ச் 4

அண்ணிக்கு,

நீங்கள் தோண்டினதெல்லாம் விட வேண்டியது. விட்டதெல்லாம் தோண்ட வேண்டியது.

துணி கட்டினால் தொடாதே என்று அர்த்தம். அவை தாய்த்தூர்கள். அவை இருந்தால்தான் பக்கத்தில் கிழங்கு ஓடி அடுத்த வருஷத்துக்குக் கரை நிறையும். டீச்சர் வந்து பார்க்கப்போவதே அதைத்தான். இப்போது கரையில் நல்லது இருந்த இடமெல்லாம் பள்ளமாகக் கிடக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். உங்களை என்ன செய்வது? அதுவும் இவ்வளவு நேர்த்தியாக நறுக்கி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் அப்பா துணி கட்டியது எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் தம்பி ஒருநாளும் கட்டியதில்லை. இதைத் தோண்டு என்று விரலைக் காட்டுவார், நான் தோண்டுவேன். காட்ட ஆள் இருந்தார்.

இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? அவர் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். நான் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடியேறி வருவதற்குள் அவர் முகத்தைத் துடைத்து, தலை வாரி, வேட்டி மாற்றி, எல்லாம் முடித்து வைத்திருந்தீர்கள். கடைசியாக அவருக்குச் செய்ய எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை. எல்லாரும் உங்களைப் பார்த்து, எவ்வளவு பொறுப்பு என்றார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நாளைக்கு வராதீர்கள்.

குருவி

மார்ச் 12

குருவிக்கு,

வரவில்லை.

டீச்சர் கேட்டால் நான்தான் செய்தேன் என்று சொல். நீ ஏற்றுக்கொள்ளாதே.

அவன் பிறந்த அன்றைக்கே அவன் முகத்தைத் துடைத்தவள் நான். ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் கை தானாகப் போய்விட்டது. நீ மாடியேறி வந்துகொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அண்ணி

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

டீச்சர் வந்தாள். இந்த வருஷம் பர்மிட் இல்லை. கரை கொஞ்ச காலம் சும்மா கிடக்க வேண்டுமாம், யாரும் தோண்டக் கூடாதாம். வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லை, அந்த மட்டுக்கும் சந்தோஷம். நான் கொஞ்சம் அழுதேன், நிறையக் கத்தினேன். அறிவிப்புப் பலகை நட வந்த காவல்காரர், "திருட்டுப் போச்சுன்னு சொல்லிருங்கக்கா, விட்டுருவாங்க" என்று காதில் சொன்னார். என் அண்ணி திருடியில்லை என்று அவருக்கும் நாலு வார்த்தை விழுந்தது.

டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"துணி எதுக்குன்னு அவங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"ஏன்?"

இந்த ஒரு ஏனுக்கு மட்டும் நான் எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லாரிடமும் கேட்டாள், உங்கள் பக்கத்தில் துணி கட்டினால் என்ன அர்த்தம் என்று. ஒருத்தி, பாம்புப் புற்று இருக்கிறது என்றாள். ஒருத்தர், இதுவரைக்கும் என் இடம் என்றார். மீசைக்காரர், கூடு இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன், நீ நடையைக் கட்டு என்றார். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளும் யாரையும் கேட்டதில்லை.

கரையில் நீங்கள் விட்டுவைத்த இளந்தூர்களைப் பிரித்து, பள்ளங்களில் நட வேண்டும். அது பிடித்துக்கொண்டால் பர்மிட்டைப் பற்றி மறுபடி பேசலாம் என்றிருக்கிறாள். நடுவதற்கு இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேருக்கும் பயிற்சி இருக்க வேண்டும். அடுத்த வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்காமல் ஒருத்தர் செய்தால் எப்படி இருக்கும் என்று நீங்களும் பாருங்கள். மருமகளிடம் நானே போனில் பேசிவிட்டேன், அவளுக்குக் காது கேட்கிறது.

ஆஸ்பத்திரி விஷயமாக நான் எழுதியது எழுதியதுதான். நீங்கள் எழுதியதையும் பலமுறை படித்தேன். இரண்டும் இருக்கட்டும்.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் வந்துவிடுங்கள். உங்கள் தம்பி படுத்த கட்டிலில் உங்களுக்கு இடம். நான் தரையில்தான் படுக்கிறேன், என்னால் அதில் படுக்கவும் முடியவில்லை, அது வெறுமனே கிடப்பதைப் பார்க்கவும் முடியவில்லை. படுக்கையை நான்தான் விரிப்பேன். அதை உதறிவிட்டு மறுபடி விரிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
குருவி