லூட்டுக்கு மூங்கில் மெட்டு

திருவிடந்தை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சிநேகா அப்பாவுக்கு,

மார்கரெட் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நலமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் கப்பலில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். உங்களோடு வேலை செய்யும் ஹேமந்த் விடுப்பு முடிந்து அடுத்த துறைமுகத்தில் உங்கள் கப்பலில் ஏறுகிறாராம். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் ஜெனோவாவில் வாங்கி வந்து, நம் ஊர் வீணை மாதிரி என்று சொன்ன லூட்டை வெளியே எடுத்தேன். கழுத்தில் விரல் வைத்து அழுத்த நரம்பால் கட்டிய மெட்டுகள் அப்படியே இருக்கின்றன. பலகை மேல் ஒட்டியிருந்த நான்கு மெட்டுகளும் கடல் ஈரத்தில் உதிர்ந்துவிட்டன. அவை இல்லாமல் மேல் சுரங்கள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தால் வீட்டில் சத்தமே இல்லை. இதையாவது சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

மாமல்லபுரத்தில் எலும்புத் துண்டு வாங்கி, ராவி ஒட்டிப் பார்த்தேன். பல் கூசுகிற மாதிரி ஓசை. பெயர்த்து எடுத்துவிட்டேன். சிப்பி, அரம் பட்டதுமே உடைந்தது. ஆசாரி திருநாவுக்கரசிடம் மரத்துண்டு கேட்டேன். வீட்டுக்கே வந்து பார்த்து, ஈட்டி மரம்தான் சரி என்றார். பிறகு உள்அறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "அதோ, அந்தத் தொட்டிலு ஈட்டிதான? ஒரு சட்டத்த அறுத்துக்கலாம்மா. சும்மாதான கீது."

அவர் ஊருக்குப் புதுசு, அவருக்கு என்ன தெரியும். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் போனபின் நானே ரம்பத்தோடு தொட்டில் அருகே போய் நின்றேன். கை வரவில்லை.

கடைசியில் மூங்கில்தான். பொத்தேரிக் கடைகளில் காலேஜ் பிள்ளைகளுக்குக் கபாப் குத்திக் கொடுக்கிற குச்சி. தோல்பக்கம் மேலே வரும்படி பிளந்து, ஒவ்வொன்றாகத் தேய்த்து ஒட்டினேன். லேசான, மிருதுவான ஓசை. இன்று நீங்கள் வாசிக்கும் ஞானப்பாட்டைக் கடைசிச் சுரம்வரை வாசித்தேன். கேட்க ஆளில்லை.

கல்லறைத் திருநாளன்று நான் மட்டும் போய் சிநேகாவுக்குப் பூ வைத்தேன். இந்த முறையும் நீங்களாகவே ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டதாக ஹேமந்த் சொன்னார். கோபம் இல்லை. அந்த அறைக்குள் வர உங்களால் முடியவில்லை என்று தெரியும். என்னாலும்தான் முடியவில்லை. ஆனால் நான் இங்கேயே இருக்கிறேன். தொட்டிலை வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுப்பதா என்று நான் ஒருத்தி மட்டும் முடிவெடுக்க முடியாது. வந்துவிடுங்கள்.

நீங்கள் போகிற கடலெல்லாம் அமைதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிநேகா அம்மா