புட்டுப்பொடி, மாதிரி எண் 4

ஜூன் 13, திங்கள்
விடியற்காலை முதல் மழை. குடையில் ஒரு கம்பி போச்சு. நான் வேலை பார்க்கும் உணவுப் பரிசோதனை லேபுக்காகக் கொச்சி மட்டாஞ்சேரிக் கடைகளில் மாதிரி வாங்கினேன், மரபணு மாற்றிய பயிர் கலந்திருக்கிறதா என்று பார்க்க. 1. இறக்குமதிச் சோள வறுவல். 2. சோயா உருண்டை. 3. ராகி மாவு. 4. மரகதம் சேச்சியின் புட்டுப்பொடி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்து. தானே வறுத்து, பாக்கெட் போட்டு விற்கிறார். அதுதான் பிழைப்பு.
"என்னடி ரெண்டு பாக்கெட்டு? விருந்துகாரு வந்நோ?"
காரணம் சொல்லக்கூடாது, லேப் விதி. "ஆமா சேச்சி."

ஜூன் 14
நான்கையும் அரைத்தேன், எண் வரிசைப்படி. ஒரே மிக்ஸி ஜாடி. ஒவ்வொன்றுக்கும் நடுவே அலசித் துடைத்தேன். மகளுக்கு ஹாஸ்டலுக்குப் போர்வை அனுப்பணும். இடுப்பு வலி.

ஜூன் 15
வறுவலில் மரபணு மாற்றிய சோளம், எதிர்பார்த்ததே. சோயாவிலும் ராகியிலும் அதே சோளம், மங்கலாக. புட்டுப்பொடியிலும்! லேப் தலைவர் குரியன் சாருக்குக் குஷி. "நாட்டுப் பொடியிலுமோ? கொள்ளாம்!"
வெள்ளிக்கிழமை பட்டியல் நுகர்வோர் சங்கத்துக்குப் போகும். பெயரோடு அச்சிடுவார்கள். பிறகு சேச்சியிடம் யார் வாங்குவார்கள்?
சாப்பிடும்போது பிடிபட்டது: ஜாடியில் ஒட்டியிருந்த சோளம்தான் மற்றதிலும் ஏறியிருக்கிறது. தேங்காய் அரைத்த ஜாடியை அலசி, அந்தத் தண்ணீரையும் குழம்பில் ஊற்றுகிறவள் நான். அலசினால் போதும் என்று கை நினைத்துவிட்டது. லேபில் ப்ளீச்சில் ஊறவைக்க வேண்டும். சோளத்தைக் கடைசியில் அரைக்க வேண்டும்.
இந்த மாதம்தான் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும்.

ஜூன் 16
சாரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். "எடோ, ஃபர்ஸ்ட் இயர் பிள்ளேரு செய்யாத தப்பல்லே இது?"
"ஆமா சார்."
சேச்சியின் இரண்டாவது பாக்கெட்டை அரைத்தேன். இம்முறை ப்ளீச்.

ஜூன் 17, வெள்ளி
வெயில். புட்டுப்பொடி சுத்தம். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.
பதிவேட்டில் 'மறு பரிசோதனைக்குக் காரணம்' என்றொரு கட்டம். சார் தாழ்ந்த குரலில், "கரண்டு போயின்னு எழுதிக்கோ. ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயமல்லே." நல்ல மனிதர். கரண்டும் தினம் போகத்தான் செய்கிறது.
ஆனால் கரண்டு என்று எழுதினால் எண் 4 மட்டும் தப்பும். ராகிக்காரர்? அதே ஜாடிதான். பள்ளுருத்தியில் அவருக்கு மில் இருக்கிறதாம், பார்த்ததில்லை. பார்த்திராததால் இரண்டு நாளாக நினைக்கவும் இல்லை.
எழுதினேன்: ஜாடி சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. பிழை என்னுடையது. 2, 3 எண்களும் மறுபடி செய்யப்பட வேண்டும்.
சார் படித்தார். "அப்போ இன்னைக்கு ரிப்போர்ட்?"
"திங்கள், சார்."